சபையின் கடிதமும் நீதிமன்றத் தீர்ப்பும்



மூப்பர் முன்னிலையில் முத்திரைத்தாளில் கையொப்பமிட்டால் விவாகம் முறிந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. கிறிஸ்தவ விவாகத்தை முறிக்கும் அதிகாரம், 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டப்படி, நீதிமன்றத்திற்கே உண்டு. திருச்சபைத் தீர்ப்பாயத்தின் முடிவு அதற்கு ஈடாகாதென்று மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் உரைத்தது. அத்தாளை நம்பி மறுமணம் செய்வோர் குற்றவாளியாக நிற்க நேரிடும். போதகரின் கடிதமும் அவர்களைக் காவாது.

ஆயினும் நம்மிடம் வருகிறவர்களில் பலர் விவாகரத்தை நாடி வருவதில்லை. கணவன் நகரியிலோ புத்தூரிலோ இருக்க, கைவிடப்பட்டுப் பிள்ளைகளோடு திருத்தணிக்குத் திரும்பிய மகள் கேட்பது அடுத்த மாத அரிசிக்கு வழி. அவளை “பொறுத்திரு, ஜெபி” என்று மட்டும் சொல்லி அனுப்புவது மேய்ப்புப் பணியன்று. பிழைக்க வழியற்ற மனைவி விவாகரத்துக் கோராமலே ஜீவனாம்சம் கேட்கலாம். அது விவாகத்தை உடைப்பதன்று. ஆராதனையில் அவன் கொடுத்த வாக்கையே அவள் கேட்கிறாள். அதற்காக ஆந்திர எல்லையைக் கடந்து அலையவும் வேண்டாம். தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், அரசின் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.