ஆனந்த் பார்க்காத நிகழ்ச்சி

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயது குகேஷ் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் நான் சந்திக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள். "யூடியூப்ல எல்லாமே இருக்கு சார். பார்த்துப் பார்த்தே பிள்ளை கத்துக்குவான்." நம் சங்கத் தலைவர்கள் இதையே கொஞ்சம் செந்தமிழில் சொல்கிறார்கள். இது பொய். அதுவும் பெரியவர்களுக்கு மிக வசதியான பொய்.

சனிக்கிழமைகளில் ஒரு சிறு பட்டணத்தில் பிள்ளைகளோடு பலகை முன் உட்காருகிறவன் நான். வருகிற பிள்ளைகளுக்குக் காணொலிகளால் நிறையப் பெயர்கள் தெரியும். "சார், இது ஃபிரைட் லிவர் சார்!" என்று ஐந்தாம் வகுப்புப் பையன் கத்துவான். குதிரையைப் பலி கொடுத்து எதிரியின் ராஜாவை நடுப்பலகைக்கு இழுக்கும் பழைய தாக்குதல் அது. எதிரி ஐந்தாவது நகர்வில் ஒரு குதிரையால் காயை எடுத்தால்தான் அது நடக்கும். அவன் இன்னொரு குதிரையைப் பலகை ஓரத்துக்கு நகர்த்தினால் கதை வேறு. அங்கே பையனின் கை நின்றுவிடுகிறது. ஏனென்றால் காணொலி அங்கே முடிந்துவிட்டது.

பாடம் நடத்துபவர்கள் மோசமானவர்கள் என்று நான் சொல்லவில்லை. செயின்ட் லூயிஸ் சதுரங்க மன்றத்துக்காக கிராண்ட்மாஸ்டர் யாசர் செய்ராவான் நடத்திய வகுப்புகளைத் தெபோங்கில் இருக்கும் ஒரு பிள்ளை காசில்லாமல் கேட்கலாம். முப்பது வருடத்துக்கு முன் நினைத்தே பார்க்க முடியாத விஷயம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "இங்கே வெள்ளைக்கு ஓர் அற்புதமான நகர்வு இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்கிறார் காணொலிக்காரர். அந்த நொடியிலேயே பாதி வேலையை அவர் முடித்துவிட்டார். உண்மையான ஆட்டத்தில் இப்படி யாரும் மணி அடிக்க மாட்டார்கள். அற்புதம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் நாற்பது நகர்வு உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று விநாடியில் அவர் விடையைச் சொன்னதும் "அட, எனக்கும் தெரியுமே" என்று தோன்றும். பார்த்ததை அடையாளம் காண்பது ஒரு திறன். தானாகக் கண்டுபிடிப்பது வேறு திறன். முதலாவது எவ்வளவு வளர்ந்தாலும் அது இரண்டாவதாக மாறிவிடாது.

குகேஷை உதாரணம் காட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினான்காவது ஆட்டத்தில் நிலைமை சமனாகவே இருந்தது. ஒரு சிப்பாய் மட்டும் கூடுதல். டிரா என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவரோ மணிக்கணக்காக அழுத்திக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார், முடிந்தது. நம் பிள்ளைகள் பார்த்தது அந்த ஒரு நகர்வையும் இருவர் முகத்தையும்தான். அதற்கு முந்தைய சலிப்பூட்டும் நகர்வுகளை எந்தக் குறுங்காணொலியும் காட்டாது. ஜெயித்ததோ அந்த நகர்வுகள். இதே குகேஷுக்குச் சின்ன வயதில் பயிற்சி கொடுத்த விஷ்ணு பிரசன்னா, கிட்டத்தட்ட கிராண்ட்மாஸ்டர் ஆகும் காலம்வரை கணினி எஞ்சின் பக்கமே அவரை விடவில்லை. விடை கையெட்டும் தூரத்தில் இருந்தால் மூளை உழைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திரையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் வேண்டுமென்றால் ஆனந்தைத்தான் சொல்ல வேண்டும். 1970களின் கடைசியில் அவர் அப்பாவுக்கு பிலிப்பைன்ஸில் வேலை. மணிலா தொலைக்காட்சியில் மதியம் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும், முடிவில் ஒரு புதிர் கேட்பார்கள். ஆனந்த் அதைப் பார்க்கவில்லை. அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அவர் அம்மா சுசீலாதான் பார்த்து, ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் பலகையில் காய்களை வைத்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு, புத்தகம். கடைசியில் "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே" என்று சொல்லும் அளவுக்கு ஜெயித்தார். நிகழ்ச்சியைப் பார்த்ததால் அவர் வளரவில்லை. ஒரு தாளும், ஒரு பலகையும், எதிரில் உட்கார ஓர் அம்மாவும் இருந்ததால் வளர்ந்தார்.

அதற்கு முன்பே சென்னையில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972இல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கிய தால் சதுரங்க மன்றம். அங்கே விரைவு ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இன்று சென்னையை நாம் அண்ணாந்து பார்க்கிறோம். அதன் அடியில் இருப்பது அந்த அறையும் அந்த வரிசையும்தான்.

"தோட்டத்துப் பிள்ளைக்கு வேறென்ன வழி? கோச்சுக்குக் காசு எங்கே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கோலாலம்பூரில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை காணொலியோடு நிற்பதில்லை. அவன் நேற்றுத் தோற்ற ஆட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவர் அவனோடு உட்காருகிறார். நம் பிள்ளைக்கு கைப்பேசியைக் கொடுத்துவிட்டு "உனக்கும் அதே பாடம்தான்" என்கிறோம். அதே பாடம் இல்லை. அவனுக்குக் கிடைப்பது அவனுடைய தோல்விக்கான விளக்கம். நம் பிள்ளைக்குக் கிடைப்பது வேறு யாருடையதோ வெற்றி.

லயத்து வீடுகள் இருந்த காலத்தில் தோட்டத்தில் ஒரு திடலும் ஒரு படிப்பகமும் இருந்தன. கேரம் ஆடவாவது நான்கு பேர் கூடினார்கள். தோட்டங்கள் கலைந்து மக்கள் தாமான்களுக்குச் சிதறியபோது வீடு கிடைத்தது, கூடும் இடம் போனது. அந்த இடத்தைத் திரும்பக் கட்ட வேண்டியவர்கள் வருடத்துக்கு ஒருநாள் போட்டி வைக்கிறார்கள். பேனர், மாலை, ஒய்.பி. உரை, ஆள் உயரக் கோப்பை. மறுவாரம் பலகைகள் பெட்டிக்குள். "பயிற்சிக்கு?" என்று கேட்டால், "அதான் யூடியூப் இருக்கே."

மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நான் கேட்பது கிராண்ட்மாஸ்டரை அல்ல. பள்ளிக்கு ஓர் அறை, சனிக்கிழமை இரண்டு மணி நேரம், பத்துப் பலகை, ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு நகர்வையும் பிள்ளை எழுத வேண்டும். தோற்ற ஆட்டத்தை மறுவாரம் எல்லோர் முன்னாலும் ஆடிக் காட்ட வேண்டும். காணொலியும் இருக்கட்டும். கேள்வி வந்ததும் நிறுத்தி, பலகையில் அடுக்கி, விடையைத் தாளில் எழுதிய பிறகுதான் ஓடவிட வேண்டும். உடன் இருக்கும் பெரியவருக்குச் சதுரங்கம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிரக்ஞானந்தாவின் அம்மா சதுரங்கம் ஆடுகிறவர் அல்ல. அவர் கூடவே இருந்தார்.

அடுத்த வருடக் கோப்பையை ஒரு சாண் குறையுங்கள். மிச்சப் பணத்தில் பலகைகள் வாங்கலாம். அறைச் சாவியை யார் வைத்திருப்பது என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.