இதயச் செயலிழப்பு ஆய்வுகளில் வெளியேற்ற விகிதம்: மன்றத்தின் நிலைப்பாடு

பல மருத்துவமனைகள் கூடி நடத்தவிருக்கும் இதயச் செயலிழப்பு ஆய்வின் வரைவு நெறிமுறையில் உள்ள சேர்ப்பு விதியையும், அதையொட்டி எழுந்த வாக்குவாதத்தையும் உறுப்பினர்கள் நன்கறிவர். கையில் இருக்கும் பழைய எக்கோ (இதய மீயொலிப் படம்) அறிக்கையில் வெளியேற்ற விகிதம் 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்து, மூச்சுத்திணறலுக்காக மருத்துவமனையில் தங்கிய டிஸ்சார்ஜ் சீட்டும் இருந்துவிட்டால், வேறு சோதனை எதுவுமின்றி ஒருவரை ஆய்வில் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது அவ்விதி. இப்போதுள்ள வடிவில் இதை ஏற்பதற்கில்லை என்பதே மன்றத்தின் நிலைப்பாடு.

இடது கீழறை முழுதும் விரிந்து நிரம்பியிருக்கையில் கொள்ளும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை விழுக்காடு வெளியே தள்ளப்படுகிறது என்பதே வெளியேற்ற விகிதம். மருத்துவமனைப் பேச்சில் இ.எஃப். 2021-இல் வெளிவந்த உலகப் பொது வரையறை, 40 வரை குறைந்தது, 41 முதல் 49 வரை சற்றே குறைந்தது, 50-உம் அதற்கு மேலும் காக்கப்பட்டது என வகுத்தது. ஆனால் அதே வரையறை, நோய்க்குறிகளோடு, இதயத்தசை அழுத்தத்துக்குள்ளாகும்போது இரத்தத்தில் சுரக்கும் பி.என்.பி. வகைப் புரதத்தின் உயர்வையோ, நுரையீரலிலோ உடலிலோ நீர் தேங்கியதற்கான புறச்சான்றையோ கேட்கிறது. வரைவை எழுதியவர்கள் எண்களை எடுத்துக்கொண்டு நிபந்தனையைக் கைவிட்டுவிட்டனர்.

அந்த எண்தான் எப்படிப் பிறக்கிறது? சிம்ப்சன் முறையில், இதய நுனிப்பக்கத்திலிருந்து நான்கறைக் காட்சியும் ஈரறைக் காட்சியும் எடுத்து, விரிந்த நிலையிலும் சுருங்கிய நிலையிலும் கீழறையின் உட்சுவர் விளிம்பைக் கோடிட்டுக் காட்ட, கருவி அந்த அறையைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் கொள்ளளவைக் கணக்கிடுகிறது. ப்ரோப் என்னும் கருவிமுனை ஒரு விலா இடைவெளி மேலே வைக்கப்பட்டாலே நுனி வெட்டுப்பட்டு அறை குட்டையாகத் தெரியும், இ.எஃப். பொய்யாக உயரும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாறுமாறான துடிப்புள்ளவரிடம் ஒரு துடிப்பின் அளவு அடுத்த துடிப்புக்குப் பொருந்தாது என்பதால் குறைந்தது 5 துடிப்புகளின் சராசரி தேவை. நடப்பதோ வேறு. வெளியே வரிசை காத்திருக்க, கண்ணால் பார்த்து மதிப்பிட்டு, முன்பே தட்டச்சிட்ட படிவத்தில் "எல்.வி. ஃபங்ஷன் நார்மல், இ.எஃப். 60%" என்ற வரி அப்படியே அச்சாகிறது. எக்கோ எடுப்பவரைக் குறை சொல்வதற்காக இது கூறப்படவில்லை. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்காத ஏற்பாட்டில் அவர் வேறென்ன செய்வார்? ஒரே நோயாளியை இருவர் அளந்தால் 5 முதல் 10 புள்ளிகள் வரை வேறுபடுவது வியப்பன்று என்றிருக்க, 48-ஐ வெளியே நிறுத்தி 52-ஐ உள்ளே விடும் விதிக்கு அறிவியல் என்று பெயர் சூட்டுவது துணிச்சல்தான்.

இதன் விலை என்னவென்பதை டாப்கேட் ஆய்வு காட்டியிருக்கிறது. வெளியேற்ற விகிதம் 45-உம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, நெடுங்காலமாக வழக்கிலுள்ள மலிவான ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை பயன்படுமா என ஆறு நாடுகளில் 3,445 பேரிடம் சோதித்த அந்த ஆய்வு, 2014-இல் முதன்மை இலக்கை எட்டாமல் முடிந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களிடையே, அமெரிக்கக் கண்டங்களில் 31.8 விழுக்காட்டினருக்கு நேர்ந்த முதன்மை நிகழ்வுகள், ரஷ்யாவிலும் ஜார்ஜியாவிலும் 8.4 விழுக்காட்டினருக்கே நேர்ந்தன. அந்நாடுகளில் பெரும்பாலோர் பி.என்.பி. வழியாக அல்லாமல், மருத்துவமனையில் தங்கிய சான்றைக் கொண்டே சேர்க்கப்பட்டவர்கள். மாத்திரை உட்கொள்வதாகச் சொன்ன ரஷ்ய நோயாளிகளில் 30 விழுக்காட்டினரின் இரத்தத்தில் மருந்தின் சுவடே இல்லை என்பதும் 2017-இல் வெளிவந்தது. சேர்க்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் இதயச் செயலிழப்பு இருந்தது என்ற ஐயத்தால், ஏழை நோயாளிக்கும் எட்டக்கூடிய ஒரு மருந்தைப் பற்றிய கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காமல் போயிற்று. அதே வாசலை மீண்டும் திறந்து வைப்பதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லிக் கடக்க இயலவில்லை.

எல்லை எண்ணை மட்டும் நம்பலாகாது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2021 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், இதயச் செயலிழப்புக்குத் தரப்படும் சாகுபிட்ரில்-வால்சார்ட்டன் மருந்தின் பயன்பாட்டை விரிவாக்கியபோது, எல்லை எண் எதையும் குறிக்காமல், வெளியேற்ற விகிதம் மாறக்கூடிய அளவு என்றே எழுதியது. பி.என்.பி. பருமனானவர்களிடம் தாழ்ந்தும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் உயர்ந்தும் காணப்படும் என்ற எதிர்வாதம் சரியே. அச்சோதனையைத் தனித்து நம்புமாறு மன்றம் கோரவில்லை. கூடுதல் சோதனைகளுக்காகும் செலவு பற்றிய கவலையும் குறித்துக்கொள்ளப்பட்டது.

ஆகவே, சேர்க்கப்படும் ஒவ்வொருவருக்கும் புதிதாக எக்கோ எடுத்து, அளந்த முறையை எழுதி, படத்துணுக்குகளைச் சேமித்து, அவற்றை நோயாளியின் விவரம் அறியாத ஒருவர் இயன்றவரை மீண்டும் அளக்க வேண்டும், இதனுடன் பி.என்.பி. அல்லது நீர்த்தேக்கத்துக்கான புறச்சான்றும் கட்டாயமாக்கப்பட வேண்டும். "இயன்றவரை" என்பது, சிறு மருத்துவமனைகளைச் சேர்ந்த உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கிணங்கச் சேர்க்கப்பட்டது. செயற்குழுவில் ஒரு சாரார் இச்சொல்லைச் சேர்ப்பதற்கு உடன்படவில்லை. சேர்ப்பு விதி திருத்தப்படும்வரை இவ்வாய்வுக்கு நோயாளிகளை அனுப்புமாறு மன்றம் தன் உறுப்பினர் எவரையும் கேட்டுக்கொள்ளாது.