சிவந்த குஞ்சுகள்



மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையில் பணிபுரியும் என் கல்லூரித் தோழருக்கு வார ஓய்வு வேறு கிழமைகளில்தான் வரும். ஆவணி மாதத்தில் ஒருமுறை இரண்டும் ஒரே நாளில் அமைந்தன. "சுப்ஹு தொழுதவுடன் புறப்படுங்கள் ஹஜ்ரத், ஜும்ஆவுக்கு முன் திரும்பிவிடலாம்" என்று அழைத்தார். கல்லூரியில் என்னை 'டா' என்று அழைத்தவர், நான் மதரஸாவில் சேர்ந்த நாள்முதல் 'ஹஜ்ரத்' என்றே அழைக்கிறார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

ஆலைகளின் புகையும் லாரிகளின் இரைச்சலும் பின்தங்கிய பிறகு, ஒரு கிராமத்து ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். ஆலைக் கழிவு வந்து சேராத, மழைநீரை நம்பிய சிற்றேரி அது. முந்தைய வாரம் இருமுறை மழை பெய்திருந்தது. ஆயினும் நீரில் கால் வைத்தபோது வெதுவெதுப்பாகவே இருந்தது.

அவர் கொண்டுவந்தது நாம் சிறுவயதில் பிடித்த மூங்கில் தூண்டில் அன்று. உதகையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது பழகிய பூச்சித் தூண்டில். நம் தூண்டிலில் ஈயக் குண்டின் பாரம் நரம்பை இழுத்துச் செல்லும். இதிலோ, முள்ளின்மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்குப் பாரமே கிடையாது; தடித்த நரம்பின் பாரந்தான் அதை ஏந்திச் செல்கிறது. ஆகவே கோலைப் பின்னும் முன்னும் வீசி, நரம்பைக் காற்றில் நீளவிட்டு, பூச்சியை மெல்ல நீர்மேல் இறக்க வேண்டும். நான் வீசியபோது அது என் தலைப்பாகையில் சிக்கிக்கொண்டது.

"இது குளிர்ந்த ஓடையில் வாழும் டிரவுட் மீனுக்கு உரியதல்லவா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கிலேயர், 1873-இல் இந்தியாவில் தூண்டிலிடுவது பற்றி ஒரு நூலும், 1887-இல் ஏரி குளங்களில் தூண்டிலிடுவது பற்றித் தனியே ஒரு நூலும் எழுதியிருக்கிறார் என்றார். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். எனக்கு வரலாறு சொன்னவர் அவர்!

நீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும் இடத்தில், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். இரவில் நீர்ச்செடிகளும் அதையே சுவாசிப்பதால் விடியற்காலையில் இன்னும் குறைந்துவிடும். அதனால்தான் அந்நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. விராலுக்கு இந்தத் தொல்லை இல்லை. இறைவன் அதற்குக் காற்றையே சுவாசிக்கும் உறுப்பைக் கொடுத்திருக்கிறான்.

வெயில் ஏறுவதற்குள் மூன்று ஜிலேபிக் கெண்டைகள் கிடைத்தன. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. இதன் தாய் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். அந்நாட்களில் இரையெடுப்பதும் அரிது.

அப்போதுதான் நான் அதைக் கண்டேன். கோரைப் புல் ஓரமாக, ஒரு முறத்தளவு நீர்ப்பரப்பு கொதிப்பதுபோல் துடித்தது. உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கான சிவந்த குஞ்சுகள்! விரால் குஞ்சுகள் என்பது எனக்கும் தெரியும். அவற்றின் அடியில் பெரிய விரால் நிற்கும் என்பதும் தெரியும். விரால் குழம்பின் மணம் அந்தக் கணமே மூக்கில் ஏறியது.

"அங்கே வீசுங்கள்!" என்று அவசரப்படுத்தினேன்.

அவர் கோலைத் தாழ்த்திவிட்டார். "வீசினால் உடனே கவ்வும் ஹஜ்ரத். ஆனால் பசியால் கவ்வாது. பிள்ளைகளை அடிக்க வந்த எதிரி என்று எண்ணிக் கவ்வும்."

நான் விடவில்லை. மீன் ஹலால், அறுக்கவும் தேவையில்லை என்று சட்டம் பேசினேன். அவர் மறுக்கவில்லை. "இதைத் தூக்கிவிட்டால் சற்று நேரத்தில் மற்ற மீன்களும் கொக்குகளும் குஞ்சுகளை முடித்துவிடும்" என்று மட்டும் சொல்லி, நரம்பைச் சுற்றத் தொடங்கினார். சிவந்த கூட்டம் மெல்ல நகர்ந்து அல்லிக் கொடிகளுக்குள் மறைந்தது. அதன் கீழே ஒரு கருநிழலும் நகர்ந்தது.

வாசகர்களே! அந்த வாரந்தான் நான் பிள்ளைகளுக்கு ஒரு ஹதீஸ் நடத்தியிருந்தேன். பயணத்தில் நபித்தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளை எடுத்து இதை வேதனைப்படுத்தியது யார் என்று வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள செய்தி. பிள்ளைகள் மனனம் செய்து ஒப்புவித்தார்கள். நானோ ஏரிக்கரையில் மறந்துபோனேன். அந்த ஹதீஸைக் கூறாமலே அதன்படி நடந்தவர் என் தோழர்.

ஜும்ஆவுக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தோம். மூன்று கெண்டைகளில் இரண்டை என்னிடமே கொடுத்துவிட்டார். வீட்டில் அவற்றைக் கண்டு "விரால் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார்கள். "கிடைத்தது, விட்டுவிட்டோம்" என்றேன்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பறவையின் செய்தியோடு விராலின் கதையையும் சொன்னேன். ஏரிக்கரைப் பிள்ளைகள் பலருக்கு அந்தச் சிவந்த குஞ்சுகள் பழக்கமானவை. உங்கள் பிள்ளைகளும் மழைக்காலத்தில் தூண்டிலோடு புறப்படுவார்கள். போகட்டும், பிடிக்கட்டும், உண்ணட்டும். அது இறைவன் அனுமதித்த உணவு. சிவந்த குஞ்சுகளைக் கண்ட இடத்தில் மட்டும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சற்றுத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். குஞ்சுகள் பிழைத்தால் வரும் ஆண்டும் அந்த ஏரியில் விரால் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.