கையில் போலி, திரையில் அசல்... எங்க வீட்டு போக்கிமான் பஞ்சாயத்து!

"சித்தி, என்கிட்ட இருக்கிறது எல்லாமே டூப்ளிகேட்டாம்!"

போன ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயில் வீட்டில் இட்லி வேகும் முன்பே இந்தப் புகார் வந்துவிட்டது. அக்கா பையன் நான்காம் வகுப்பு. சோழம்பேடு சாலை பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோரில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்த்த போக்கிமான் கார்டுகளைத் தரையில் கொட்டி வைத்துக்கொண்டு கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். எல்லாம் தகதகவென்று மின்னும் தங்க நிற பிளாஸ்டிக்.

விஷயம் இதுதான். எதிர் ஃபிளாட் பையனுக்கு அவன் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு ஒரிஜினல் பாக்கெட் வாங்கி வந்திருக்கிறார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச். அசல் என்பது தடிமனான அட்டை. பின்பக்கம் நீல நிறம், நடுவில் பந்து. நம்ம ஆளிடம் இருப்பவற்றில் முன்னும் பின்னும் தங்கம்.

"போன்ல விளையாடினா ஒரிஜினல் கார்டே ஃப்ரீயா கிடைக்குமாம் சித்தி. டவுன்லோடு பண்ணித் தா!"

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "என்னது, போன்ல சீட்டாட்டமா? ரம்மி ஆடி எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்துச்சுன்னு நியூஸ்ல பார்க்கலையா?"

ஒரு பக்கம் பேரன், ஒரு பக்கம் பாட்டி. நடுவில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் நான். சரி, நாமே ஆடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லலாம் என்று என் போனில் இறக்கினேன். ஒரு வாரம் ஆடியதில் தெரிந்துகொண்டதுதான் இந்த வாரப் பத்தி.

அட்டையிலிருந்து ஆப்புக்கு

வாங்கிச் சேர்த்து, மாற்றிக்கொண்டு, அதே கார்டுகளால் மோதும் இந்த வகை ஆட்டத்தை 1993-ல் தொடங்கி வைத்தது 'மேஜிக்: தி கேதரிங்'. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதக்காரர். போக்கிமான் கார்டுகள் 1996-ல் ஜப்பானில் வந்தன.

இரண்டுமே பிறகு கம்ப்யூட்டருக்குப் போயின. 2002-ல் வந்த 'மேஜிக் ஆன்லைன்' ஒரு சுவாரஸ்யமான வசதி கொடுத்தது. ஒரு தொகுப்பின் எல்லா கார்டுகளையும் திரையில் சேர்த்துவிட்டால், கட்டணம் கட்டி அதே தொகுப்பை அச்சிட்ட கார்டுகளாக வீட்டுக்கு வரவழைக்கலாம். 'திரையில் இருந்தாலும் இது உன் பொருள்தான்' என்று ஆட்டக்காரரை நம்பவைக்க அந்த வசதி உதவியது.

போக்கிமான் 2011-ல் ஆன்லைனுக்கு வந்தது. கடையில் வாங்கும் பாக்கெட்டுக்குள்ளேயே ஒரு கோடு எண் இருக்கும். அதைத் தட்டினால் திரையிலும் ஒரு பாக்கெட் கிடைக்கும். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் கார்டுகளை மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. 2023-ல் அந்த ஆட்டத்தை மூடிவிட்டு 'லைவ்' என்ற புதிய ஆட்டத்துக்கு எல்லோரையும் மாற்றினார்கள். அதில் மாற்றிக்கொள்ளும் வசதி இல்லை.

எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்குக் காரணமான ஆட்டம் 'போக்கிமான் டி.சி.ஜி. பாக்கெட்'. 2024 அக்டோபர் 30-ல் உலகம் முழுக்க வெளியானது. நான்கே மாதத்தில் 10 கோடி டவுன்லோடு.

அட்டையில் ஆடினால் ஒருவருக்கு 60 கார்டு வேண்டும். போனில் 20 போதும். அட்டையில் ஜெயிக்க ஆறு பரிசுக் கார்டுகளை எடுக்க வேண்டும். போனில் மூன்று பாயின்ட். பின்வரிசையில் ஐந்து போக்கிமான்கள் நிற்கும் இடத்தில் மூன்று. தாக்குவதற்குத் தேவையான 'எனர்ஜி'யைக் கட்டுக்குள் கார்டாகச் சேர்க்க வேண்டியதில்லை. முறைக்கு ஒன்றாகத் தானாக வருகிறது. இப்படி வெட்டிச் சுருக்கியதால் அம்பத்தூரில் ரயில் ஏறி ஆவடியில் இறங்குவதற்குள் ஓர் ஆட்டத்தை முடித்துவிடலாம்.

இந்த வேலையைப் பாராட்டத்தான் வேண்டும். கார்டு ஆட்டத்தில் பாதி நேரம் சண்டையில் போகும். "இது செல்லாது", "நீ ரெண்டு தடவை எடுத்துட்டே" என்ற ரகளைகள் இங்கே இல்லை. விதியைக் கணினி பார்த்துக்கொள்கிறது. எதிராளி தேடி அலைய வேண்டாம். நினைத்த நேரத்தில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் வந்துவிடுவார். முகம் தெரியாதவர்களோடு அரட்டை அடிக்கும் வசதியும் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் அம்மா கொஞ்சம் சமாதானமானார்.

500 பாக்கெட் கணக்கு

ஆனால் பையனுக்கு ஆட்டத்தைவிடப் பாக்கெட் பிரிப்பதில்தான் உயிர். 12 மணி நேரத்துக்கு ஒரு பாக்கெட், ஒரு நாளைக்கு இரண்டு இலவசம். ஒவ்வொன்றிலும் ஐந்து கார்டு. விரலால் கவரின் மேல் ஓரத்தைக் கிழிப்பதுபோல இழுக்க வேண்டும். கார்டுகள் ஒவ்வொன்றாக வரும். நிஜமாகப் பிரிக்கும்போது வருகிற அதே படபடப்பு.

"தங்க கார்டு எப்போ வரும் சித்தி?"

நல்ல கேள்வி. பதில் ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. முதல் தொகுப்பில், கிரீடம் போட்ட மிக அரிய தங்க கார்டு நான்காவது கார்டாக வரும் வாய்ப்பு 0.04 சதவிகிதம்; ஐந்தாவதாக வரும் வாய்ப்பு 0.16 சதவிகிதம். இரண்டையும் கூட்டினால் 0.2. அதாவது, சராசரியாக 500 பாக்கெட்டுக்கு ஒன்று.

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பையனையே வகுக்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் என்றால் 500 பாக்கெட்டுக்கு 250 நாள்.

"எட்டு மாசமா?"

"எட்டு மாசத்துக்கும் மேல. அதுவும் சராசரி கணக்குதான்டா. நாளைக்கே வந்தாலும் வரலாம், ஒரு வருஷம் ஆனாலும் வராமப் போகலாம்."

பிரிக்கும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஐந்து பாயின்ட் சேர்கிறது. 2,500 பாயின்ட் கொடுத்துத் தங்க கார்டை வாங்கலாம். அதுவும் அதே 500 பாக்கெட்தான். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு வழி ஒன்று உண்டு: காசு கொடுத்தால் பாக்கெட் சீக்கிரம் வரும். ஆட்டம் சம்பாதிப்பது இந்தப் பொறுமையின்மையில்தான்.

என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்கும் இந்தப் பெட்டிகள் சூதாட்டமா என்ற கேள்வி உலகம் முழுக்க எழுந்தது. பெல்ஜியம் 2018-ல் 'ஆம்' என்றது. நம் நாட்டில் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடை செய்தது. போக்கிமானில் பணம் ஜெயிக்கும் பேச்சே இல்லை. அதனால் அம்மாவிடம் "இது ரம்மி இல்லைம்மா" என்று தைரியமாகச் சொன்னேன். "ஆனா காசு போகும் வழி இருக்கு" என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

ஒண்ணுக்கு மூணு!

மூன்றாவது நாள் பையன் புதுப் பிரச்னையோடு வந்தான். அவனிடம் ஒரே கார்டு நான்கு இருக்கிறது. எதிர் ஃபிளாட் பையனிடம் இவனுக்கு வேண்டியது இருக்கிறது. "மாத்திக்கலாம்னா போன் விடமாட்டேங்குது."

எனக்கு என் பள்ளிக்கால டபிள்யூ.டபிள்யூ.இ. டிரம்ப் கார்டுகள் ஞாபகம் வந்தன. கிரேட் காலியின் உயரத்தைச் சொன்னால் எதிரே ரே மிஸ்டீரியோ வைத்திருப்பவர் அழுதே விடுவார். எங்கள் ஸ்கூல் வேனில் ஓர் அண்டர்டேக்கருக்கு மூன்று சாதா கார்டு. அதை நிர்ணயித்தது எந்தக் கம்பெனியும் இல்லை, நாங்கள்தான். கெஞ்சி, மிஞ்சி, 'நாளைக்குச் சொல்றேன்' என்று இழுத்தடித்து, ஏமாந்து, ஏமாற்றி... பேரம் பேசக் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

'பாக்கெட்' ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளும் வசதி 2025 ஜனவரி இறுதியில்தான் வந்தது. வந்ததும் உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். ஒரே தரத்துக்கு அதே தரம்தான். ஒண்ணுக்கு மூணு கிடையாது. மிக அரிய கார்டுகளை மாற்றவே முடியாது. கொஞ்சம் நல்ல கார்டு என்றால், அதை மாற்ற 'டோக்கன்' வேண்டும். டோக்கன் சேர்க்கத் தன்னிடம் இருக்கும் நல்ல கார்டுகள் நாலைந்தைக் கரைக்க வேண்டும். ஒரே ஆள் பல கணக்குகள் தொடங்கி கார்டுகளைக் குவித்து ஏமாற்றக்கூடும், அதைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு என்றது நிறுவனம். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. எதிர்ப்பு அடங்கவில்லை என்பதால் ஜூலை இறுதியில் டோக்கனை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் ஒண்ணுக்கு ஒண்ணு என்ற விதி அப்படியேதான் இருக்கிறது.

'திரையில் இருக்கும் கார்டும் உங்கள் சொத்துதான்' என்று சொல்லி இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. கிரிக்கெட் வீரர்களின் கார்டுகளை 'என்.எஃப்.டி.' என்ற டிஜிட்டல் பத்திரமாக விற்ற ராரியோ நிறுவனம், அதேபோல வீரர்களின் பெயரும் ஓவியமும் போட்டு கார்டு விற்ற ஸ்டிரைக்கர் மீது வழக்குத் தொடுத்தது. முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் உள்ளிட்ட ஐந்து வீரர்களும் உடன் சேர்ந்தார்கள். பொதுவெளியில் இருக்கும் பெயரையும் ஆட்டக் கணக்கையும் யாரும் பயன்படுத்தலாம் என்று சொல்லி, 2023 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. அங்கே கார்டு சேர்ப்பது விளையாட்டாக இல்லாமல் முதலீடாகிவிட்டது. ஒன்பது வயதுப் பையனுக்கு அது வேண்டாத வேலை.

கடைசியில் எனக்குப் புரிந்தது இதுதான். இவன் கையிலிருக்கும் தங்க கார்டு போலி. ஆனால், அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், எத்தனைக்கு வேண்டுமானாலும் மாற்றலாம், பத்து வருடம் கழித்து அலமாரியிலிருந்து எடுத்துப் பார்க்கலாம். திரையில் இருப்பது அசல். ஆனால், கம்பெனி ஒருநாள் கடையை மூடினால் அதோடு போய்விடும்.

அதற்காக ஆப்பை வில்லனாக்க மாட்டேன். நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்கு அசல் படத்தையும் அசல் விதியையும் காட்டுவது அதுதான். கடைக்காரர் விற்கும் தங்க பாக்கெட்டில் எப்படி ஆடுவது என்ற குறிப்புகூட இல்லை. ஒரு வருடமாக இவன் கார்டுகளை அடுக்கி எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

எங்க வீட்டுத் தீர்ப்பு

பெற்றோர்களே, நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஆட்டம் பெரியவர் போனில் மட்டும், காலையில் ஒரு பாக்கெட், மாலையில் ஒரு பாக்கெட், இரண்டு ஆட்டம். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவிட்டோம். கார்டு எண்ணையோ யு.பி.ஐ.-யையோ அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 'முதல் சில நாள் இலவசம்' என்று வரும் மாதச் சந்தாவைத் தொடவில்லை. ரத்து செய்ய மறந்தால் காசு தானாகப் போகும். எல்லாவற்றுக்கும் முதலில், அந்த 500 பாக்கெட் கணக்கைப் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். நாம் சொல்லும் அறிவுரையைவிட அவர்களே போடும் வகுத்தல் வேலை செய்கிறது.

நேற்று மாலை ஆபீஸிலிருந்து வந்தபோது மாடிப்படியில் ஒரே சத்தம். எதிர் ஃபிளாட் பையன், இவன், கீழ்வீட்டுப் பாப்பா மூவரும் சார்ட் பேப்பரை கார்டு அளவுக்கு வெட்டி வைத்திருந்தார்கள். ஆளுக்கு 20 கார்டு, ஜெயிக்க மூன்று பாயின்ட், பின்வரிசையில் மூன்று பேர். எல்லாம் ஆப்பில் கற்ற விதிகள். காயின் போட வேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் நாணயம்.

ஒரு கார்டில் யானை. அதன் காலைச் சுற்றிக் கொடி. "இது என்னடா?"

"நம்ம கோயில் யானை சித்தி! பாட்டிதான் கதை சொன்னாங்க. தொண்டைமான் ராஜாவோட யானை காலை முல்லைக்கொடி கட்டிப் போட்டுச்சு இல்ல? இந்த கார்டைப் போட்டா எதிராளி ஒரு டர்ன் அசைய முடியாது."

பாட்டி பக்கத்திலேயே முறுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அந்த யானையைக் கேட்டுப் பாப்பா மூன்று கார்டை நீட்டிக்கொண்டிருந்தாள். இவன் நாலு கேட்டுக்கொண்டிருந்தான்.