பாரம் தாங்கும் சக்கரம்

கோயமுத்தூரில் என்ஜினீயரிங் படிக்கும் என் பேரன் போன வாரம் போனில் கேட்டான்: "தாத்தா, என் சைக்ளோகிராஸ் வண்டிக்குப் புது ரிம் வாங்கணும். கார்பன் ரிம். ரொம்ப லைட்டா இருக்கும். கொஞ்சம் பணம் அனுப்புவீங்களா?" விலையைக் கேட்டேன். என் ஒரு மாதப் பென்ஷனைவிட அதிகம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

சைக்ளோகிராஸ் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்கள் கேட்பீர்கள். சேறு, மணல், புல், படிக்கட்டு எல்லாம் உள்ள பாதையில் நடக்கும் சைக்கிள் பந்தயம் அது. ஓட்ட முடியாத இடம் வந்தால் குதித்து இறங்கி, வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது. செய்யாற்று மணலில் சைக்கிளைத் தோளில் தூக்கி அக்கரை போன நாமெல்லாம் பதக்கம் வாங்காத வீரர்கள்தானே!

சிறு வயதில் நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்தப் பந்தயத்தின் தாய்வீடும் பிரான்ஸ்தான். 1902இல் டானியல் குசோ என்ற படைவீரர் அங்கே முதல் தேசியப் பந்தயத்தை நடத்தினார். 1910இல் தூர் த பிரான்ஸ் போட்டியில் வென்ற ஒக்தாவ் லாபீஸ், குளிர்காலத்தில் இப்படிச் சேற்றில் ஓட்டிப் பழகியவர். ரிம் அளவும் பிரெஞ்சுக் கணக்கே. பேரன் சொல்லும் '700 சி' என்பதில் 700 என்பது டயரோடு சேர்ந்த சக்கரத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 'சி' என்பது டயரின் அகலத்தைக் குறிக்க வைத்த எழுத்து. டயர் உட்காரும் இடத்தில் அந்த ரிம் 622 மி.மீ. நம் பழைய 28 அங்குல வண்டியின் ரிம் 635 மி.மீ., பிரெஞ்சுக் கணக்கில் '700 பி'. வித்தியாசம் 13 மி.மீ.தான், ஆனால் ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது.

இந்தப் பிரெஞ்சுப் படிப்பின் கர்வம் எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. 1978 என்று நினைவு. இங்கே தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தேன். புதுச்சேரியில் உறவினர் வீட்டில் பழைய பிரெஞ்சுப் பந்தய சைக்கிளின் முன் சக்கரம் ஒன்று கிடைத்தது. அலுமினிய ரிம், ஒரு விரலில் தூக்கலாம். கொண்டுவந்து என் வண்டியில் மாட்டச் சொன்னேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது பந்தயத்துக்குச் செஞ்சது. பாரத்துக்கு இல்ல. முன் பிரேக்கும் இதுல பிடிக்காது" என்றார். "பின் பிரேக் போதும், நீங்க மாட்டுங்க" என்றேன். இரண்டு மாதம் ஊரே பார்க்க ஓட்டினேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பட்டு நெசவாளர் இருந்தார். நெய்து முடித்த இரண்டு சேலைகளை ஆரணி முதலாளியிடம் சேர்க்க ஒருநாள் என் வண்டியை இரவல் கேட்டார். கொடுத்தேன். சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தன் ஆறு வயது மகனை முன் பாரில் உட்காரவைத்து, சேலைப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனார். மழை பெய்து ஓய்ந்த நேரம். மாட்டுவண்டித் தடத்தில் முன் சக்கரம் இறங்கியது, ரிம் எட்டாக மடங்கியது. பையனுக்குத் தாடையில் தையல். ஒரு சேலை சேற்றில் நனைந்தது. பல நாள் உழைப்பின் கூலியில் முதலாளி பிடித்தம் செய்துவிட்டார். நான் ஈடுகட்டப் பணம் நீட்டியபோது, "வுடுங்க சார், நீங்க இன்னா பண்ணுவீங்க" என்று வாங்க மறுத்தார். அந்த வார்த்தை இன்றும் குத்துகிறது. என்ன செய்திருக்கலாம் என்று எனக்கல்லவா தெரியும்!

அதனால்தான் சொல்கிறேன், எடை குறைந்தது நல்லது என்பது பாதி உண்மைதான்.

முதலில் அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ரிம் முன்னே நகர்வதோடு சுழலவும் செய்கிறது. ஆகவே வேகம் எடுக்கும்போது, வண்டியின் உடம்பில் உள்ள எடையைவிட ரிம்மில் உள்ள எடை ஏறக்குறைய இருமடங்காக உறைக்கும். தோளில் தூக்கி ஓடுபவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்குதான். பழைய குரோம் பூசிய இரும்பு ரிம் கனம் மட்டுமல்ல, மழையில் நனைந்தால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. 1934இல் ஆந்தோனன் மாஞ் அலுமினியக் கலவை ரிம்மோடு தூர் த பிரான்ஸை வென்றார். பிறர் கண்டுகொள்ளாதிருக்க ரிம்முக்கு மரம்போல வர்ணம் அடித்திருந்தாராம். லேசான ரிம் மேல் ஆசைப்படுவது இன்று நேற்று வந்ததல்ல.

மறுபாதியைப் பார்ப்போம். இந்தப் பந்தயத்தில் டயர் 33 மி.மீ. அகலத்துக்கு மேல் கூடாது. சேற்றில் பிடிமானம் வேண்டி அதில் காற்றையும் குறைத்து வைப்பார்கள். கல்லில் ஏறினால் டயர் நசுங்கி ரிம்மே அடி வாங்கும். அலுமினியம் என்றால் நெளியும், ஓரளவு நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். கார்பன் விரிசல் விட்டால் மாற்றுவதுதான் வழி. மாணவன் கையில் மாற்று ரிம்முக்குப் பணம் ஏது?

என் சிபாரிசு இதுதான். அலுமினியக் கலவையில் இரட்டைச் சுவர் ரிம் வாங்கு. உள்ளே வெற்றிடம் விட்டுப் பெட்டிபோல் அமைந்திருப்பதால் எடை குறைவு, பலம் அதிகம். டிஸ்க் பிரேக் வண்டியானால் ரிம்மின் பக்கவாட்டில் பிரேக் தேயாது, அந்த இடத்தில் உலோகம் மிச்சம். கம்பி 32க்குக் குறைய வேண்டாம். முன்னால் கொஞ்சம் லேசானது போடலாம், பின்னால் உறுதியானதே வேண்டும். பாரம் பின் சக்கரத்தில்தான் அதிகம். நம் பழைய வண்டிகளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி என்று வைத்தது இதற்காகத்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கட்டுகிற கை. எத்தனை விலை கொடுத்த ரிம்மும் கம்பிகள் ஒரே இழுப்பில் இல்லையென்றால் நிற்காது. பாவு நூல் ஒருபக்கம் தொய்ந்தால் சேலை என்ன ஆகும் என்று ஆரணிப் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல கடைக்காரர் கம்பியை விரலால் சுண்டிச் சத்தம் கேட்டே கோட்டம் எடுப்பார். ஒரு கம்பி அறுந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளில் விழும், அப்புறம் அவையும் போகும். அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இன்றே கம்பிகளைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கடைக்கு அனுப்புங்கள். அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

பேரனுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், அலுமினிய ரிம்முக்கும் கட்டுக்கூலிக்கும். "உங்களுக்கு எப்படித் தாத்தா இதெல்லாம் தெரியும்?" என்றான். நெசவாளர் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யாராவது வண்டிய இரவல் கேட்டா, சக்கரம் எப்படின்னு சொல்லிட்டுக் கொடுக்கறேன் தாத்தா" என்றான்.

அது போதும் எனக்கு.