கடைக்காரர் கொடுத்த படம்

புது வருடம் பிறந்தால் தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் கடைத்தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. மாதா மாதம் சாமான் வாங்கும் குடும்பத்துக்கு மளிகைக் கடைக்காரர் ஒரு காலண்டர் கொடுப்பார்.

மேலே முருகன் அல்லது லட்சுமி படம். கீழே கடையின் பெயர். வருடம் முடிந்ததும் படத்தை மட்டும் வெட்டி எடுத்து, கண்ணாடி போட்டு மாட்டிய வீடுகள் ஏராளம்.

அது விளம்பரம்தான். ஆனால் பல ஏழை வீடுகளில் சுவரை அலங்கரித்த ஒரே சித்திரமும் அதுவே.

பாரிஸ் தெருவில்

பிரெஞ்சு நாட்டிலும் விளம்பரம் சித்திரமானது. 1866-ம் ஆண்டு ழூல் ஷெரே என்ற ஓவியர் பாரிஸ் நகரில் வர்ண அச்சுக்கூடம் தொடங்கினார். கல்லின் மேல் கொழுப்பு மையால் படம் வரைந்து அச்சிடும் முறை அது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனிக் கல்!

1890-களில் பிர்மேன் பூயிசே வரைந்த மெனியே சாக்லெட் விளம்பரம் பெரும் புகழ் பெற்றது. ஒரு சிறுமி முதுகு காட்டி நிற்கிறாள். கையில் உள்ள சாக்லெட் துண்டால் சுவரில் சாக்லெட்டின் பெயரை எழுதுகிறாள். அவ்வளவுதான்!

மழையில் நனைந்து கிழிய வேண்டிய காகிதம் அது. இன்றோ அந்தக் காலத்து விளம்பரத் தாள்களை ஏலத்தில் எடுக்கிறார்கள். நகல்களைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டுகிறார்கள்.

கோவில்பட்டி ஓவியர்

தமிழ்நாட்டிலும் அத்தகைய கலைஞர்கள் இருந்தார்கள். 1976-ல் காலமான கோவில்பட்டி சி. கொண்டையராஜு அவர்களில் தலைசிறந்தவர். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, மூலை முடுக்கெல்லாம் போயின. தினமும் கும்பிட்ட படத்தை எழுதிய கை யாருடையது என்பது பலருக்குத் தெரியாது.

படத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. எழுத்தறியாதவர்கள் "குதிரை மார்க் கொடுங்கள்" என்று படத்தைச் சொல்லியே சரக்கு வாங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படத்தின் கீழே இருந்த எழுத்தைக் கூட்டிப் படித்தார்கள். கடைப் பலகையே அவர்களுக்கு அரிச்சுவடி!

எடைக்குப் போடலாமா?

இப்போது ஓட்டல் சுவரை அழகுபடுத்த வெளிநாட்டு விளம்பர நகல்களை விலைக்கு வாங்குகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் நம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய காலண்டர், பிஸ்கட் டப்பா, டீத்தூள் தகரப் பலகை எல்லாம் எடைக்குப் போகின்றனவே!

"வியாபாரி லாபத்துக்குச் செய்ததை ஏன் காப்பாற்ற வேண்டும்?" என்று கேட்கலாம். விளம்பரம் சொன்னதெல்லாம் உண்மை அல்ல. ஆனால் அந்தக் காலத்து மக்கள் எதை உண்டார்கள், எப்படி உடுத்தினார்கள், எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதை அது காட்டிவிடுகிறது.

பாதுகாப்பது கடினம் அல்ல. வெயில் படாத, ஈரம் ஏறாத இடம் வேண்டும். பசை தடவிச் சுவரில் ஒட்டக் கூடாது. பின்பக்கம் ஊர், கடை, வருடம் ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வைக்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் வருடத்துக்கு ஒரு நாள் இவற்றைக் கண்காட்சியாக வைக்கலாம்.

கடை மூடிப் போகலாம். கடைக்காரர் மறைந்து போகலாம். படம் இருந்தால் பேரன் கேட்பான்: "தாத்தா, இந்தக் கடை எங்கே இருந்தது?"

பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே படத்தைத் துடைத்து எடுத்து வைப்போம்.