புகுந்த வீட்டுக் கோழிகள்

வீட்டுக்குப் புதிதாக ஒருவர் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஆரத்தி சுற்றிக் கொட்டிவிட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், கூடத்தில் எல்லோருக்கும் நடுவில் உட்கார வைக்கிறோம். மனிதர்களுக்கு இது சரி. கோழிகளை இப்படி வரவேற்றால் குடியே கெட்டுப் போகும் என்கிறாள் என் அக்கா. அவள் அதைப் பதினோரு கோழிகளைப் பறிகொடுத்துக் கற்றுக் கொண்டவள்.

பெரியம்மா மகளான இந்த அக்காவுக்கு நாமக்கல் பக்கம் தோட்டம். கிணறு, தென்னை, எருமை எல்லாம் மாமாவின் பொறுப்பு. கோழிகள் மட்டும் அக்காவின் மாமியாருடையவை. முட்டை விற்று வரும் சில்லறைதான் அந்த அம்மாளின் சொந்தக் காசு. பேத்திக்கு வளையல் வாங்குவதும் அதில்தான், கோயில் உண்டியலில் போடுவதும் அதில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா ஒரு சந்தையில் இரண்டு பெட்டைகளைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்தாள். அன்று மாலையே பழைய கோழிகளோடு விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் புதியதில் ஒன்று தலையைத் தொங்கப் போட்டது. வெள்ளைக் கழிச்சல்! இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேத் ஊரின் பெயரால் வைத்தியர்கள் சொல்லும் நோய் இதுதான். வருமுன் காக்கத் தடுப்பு மருந்து உண்டு. வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. இரண்டு வாரத்தில் கூடு காலி.

"அத்தை ஒரு வார்த்தை வையல கண்ணு. வைதிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் மறுபடியும் அடை வைத்து, தடுப்பு மருந்தும் கொடுத்து, ஒன்பது கோழிகளைத் தேற்றி எடுத்தார். இப்படி இருக்கும்போது, போன சித்திரையில் அக்கா நாலு வெள்ளைக் கோழிகளைக் கொண்டு வந்து இறக்கினால் மாமியாருக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்!

அவை கூண்டுப் பண்ணையில் கழித்து விட்ட முட்டைக் கோழிகள். சுமார் ஒன்றரை வயதானால் முட்டை குறைகிறது என்று பண்ணையில் கழித்து விடுவார்கள். பெரும்பாலும் கறிக்குத்தான் போகும். அதுவரை ஒரு கோழிக்குக் கிடைத்த இடம், உங்கள் கையில் உள்ள இந்தப் பத்திரிகையை விரித்து வைத்தால் அடைக்கும் இடம்கூட இருக்காது. மண்ணை மிதித்ததில்லை. பரணில் ஏறியதில்லை. கொண்டை வெளிறி, நகம் நீண்டு, பார்க்கவே பாவமாக இருந்தனவாம்.

இந்தத் தடவை அக்கா அவசரப்படவில்லை. தோட்டத்தின் மறுகோடியில் ஒரு கொட்டகை. அங்கேயே முழுசாக 30 நாள். வெள்ளைக் கழிச்சல் கிருமி உடம்பில் புகுந்து வெளியே தெரிய 2 நாளும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம். தடுப்பு மருந்து கொடுத்த கோழிகூடக் கிருமியைச் சுமந்து வரக்கூடும். ஆகவே காலையில் பழைய கோழிகளைக் கவனித்த பிறகுதான் புதியவற்றிடம் போவாள். அதற்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டி. திரும்பி வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவல்.

முதல் நாள் அவை தண்ணீர் குடிக்கவில்லை. பண்ணையில் அலகால் அழுத்தினால் சொட்டும் குழாயில் குடித்துப் பழகியவை. சட்டித் தண்ணீர் என்னவென்றே தெரியவில்லை! ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டினாள். அலகின் நுனியைக் குஞ்சிலேயே தீய்த்திருந்ததால் தரையில் இறைத்த கம்பைப் பொறுக்க முடியவில்லை. ஆழமான சட்டியில், அவை பண்ணையில் தின்று வந்த தீவனத்தையே வைத்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினாள்.

மாதம் முடிந்ததும் ஒரே அறிமுகமா? அதுதான் இல்லை. நடுவில் கம்பி வலை கட்டி, ஒரு வாரம் இரு கூட்டமும் பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டாள். கோழிகளுக்குள் இன்னாரை இன்னார் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. ஷெல்டெரூப்-எபே என்ற நார்வேக்காரர் இதைக் கவனித்து 1921-ம் ஆண்டில் எழுதினார். புதிதாக ஒரு கோழி நுழைந்தால் வரிசை முழுவதும் கலைந்து, மறுபடியும் அமைய வேண்டும். வலைக்கு அப்பாலிருந்தே முறைத்துத் தீர்த்தால் பாதிச் சண்டை குறையும்.

எட்டாம் நாள் இருட்டிய பிறகு, நாலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பரணில் பழைய கோழிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டைக்கு வராது. விடிந்ததும் கொத்தல் ஆரம்பம்தான்! தீவனத்தை மூன்று இடத்தில் வைத்தாள், எல்லாச் சட்டிக்கும் ஒரே கோழி காவல் நிற்க முடியாதபடி. ஓடி ஒளிய இரண்டு தென்னந்தட்டிகளைச் சாய்த்து வைத்தாள். அதற்கு மேல் குறுக்கே போகவில்லை. ஒரே ஒரு தடவை ஒன்றின் கொண்டையில் இரத்தம் தெரிந்தது. உடனே பிரித்து விட்டாள். இரத்தத்தைக் கண்டால் மற்றவையும் சேர்ந்து கொத்தும்.

சகோதரிகளே, உங்களில் சிலர் மாடியில் நாலு கோழி வளர்க்க நினைப்பீர்கள். சிலர் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பீர்கள். ஒற்றைக் கோழியை மட்டும் பழைய கூட்டத்தில் விடாதீர்கள். எல்லாக் கொத்தும் அதன் தலையில்தான் விழும். இரண்டு மூன்றாகச் சேர்த்து வாங்குங்கள். வாங்கிய அன்றே கொஞ்சும் ஆசையை மட்டும் ஒரு மாதம் ஒத்தி வையுங்கள்.

நான் போயிருந்தபோது, அந்த வெள்ளைக் கோழிகளில் ஒன்று வேப்பமரத்தடிப் புழுதியில் குழி பறித்துப் படுத்து, இறக்கையை விரித்து மண் குளியல் செய்து கொண்டிருந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை! கொண்டை சிவந்திருந்தது.

பொழுது சாய்ந்தது. அக்காவின் மாமியார் "பா... பா... பா..." என்று கூப்பிட்டுக் கொண்டே கூட்டுக் கதவருகில் உட்கார்ந்து எண்ணினார். ஒன்பது என்பார் என்று நினைத்தேன்.

"பதிமூணும் வந்திருச்சு. கதவைச் சாத்து கண்ணு" என்றார் மருமகளிடம்.